கறியைக் குறைப்பது எப்படி: ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்காத ஒரு முழு வழிகாட்டி

இது கறி சாப்பிடுகிறவர்களுக்கான வழிகாட்டி. கறியை விடச் சொல்லப் போவதில்லை, குறைக்க மட்டும்தான். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று 2014இல் மத்திய அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படிப்பட்ட ஊரில் போய் "நாளையிலிருந்து சைவம்" என்று சொன்னால் ஒரு வாரம் தாங்கும், எட்டாம் நாள் பிரியாணிக் கடை வாசலில் நிற்போம்.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறியைக் குறைக்கிற பலர், தட்டில் கறி இருந்த இடத்தில் என்ன வைப்பது என்று யோசிப்பதே இல்லை. அந்த இடத்தில் இன்னொரு கரண்டி சோறும் ஒரு கை உருளைக்கிழங்கு வறுவலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அப்படிச் செய்தால் சர்க்கரை ஏறும், தொப்பை போடும், நெல் வயலிலிருந்தும் பூமியைச் சூடேற்றும் மீத்தேன் வாயு வருவதால் சுற்றுச்சூழலுக்கும் நினைத்த அளவு லாபம் இருக்காது. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி கறியைப் பற்றியது இல்லை, பருப்பையும் பயறையும் பற்றியது.

முதலில், எதற்காக இந்தப் பாடு

உடம்புக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியை (சாசேஜ், சலாமி, ஹாம், பேக்கன் மாதிரி) புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சியை "அநேகமாக உண்டாக்கும்" என்ற அடுத்த பிரிவில் வைத்தது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் சொன்ன எண். புகையிலையும் அதே முதல் பிரிவில்தான் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு "சாசேஜும் சிகரெட்டும் ஒன்று" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். பிரிவு சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைத்தான், ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை இல்லை. இது போக ஆட்டுக்கறியின் கொழுப்பு, கோழித் தோல், பொரிக்கிற எண்ணெய் எல்லாம் இதயத்துக்கு என்ன செய்யும் என்பது உங்கள் டாக்டர் ஏற்கெனவே சொன்னதுதான்.

பூமிக் கணக்கு. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி 2018இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இதில் பெரியது. அதன்படி ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கு ஏறத்தாழ 40 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வாயுக்கள் வெளியாகின்றன. கோழிக்கறிக்கு 10 கிலோ, முட்டைக்கு 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அரிசிக்கு 4.5 கிலோ, பருப்பு பயறு வகைகளுக்கு 1 முதல் 2 கிலோ. கறிக்காகவே வளர்க்கிற மாடாக இருந்தால் 100 கிலோவை நெருங்கும், பால் மாட்டின் கறி என்றால் 33. காய்ந்த பருப்பிலும் பச்சைக் கறியிலும் கிலோவுக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதாவது 200 கிராம் அளவில் புரதம் இருக்கிறது என்பதால் இந்த ஒப்பீடு நியாயமானதுதான். ஆடும் மாடும் அசைபோடும் பிராணிகள், வயிற்றில் தீவனம் புளிக்கும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வருகிறது. நூறு வருடக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். கோழிக்கு அந்த வயிறு இல்லை, அதனால்தான் அதன் எண் குறைவு.

இவை உலக சராசரிகள். தரிசிலும் ஏரிக்கரையிலும் மேய்ந்து வளர்கிற நம் வெள்ளாட்டுக்கு இதே எண் அப்படியே பொருந்தாது. "இந்தியர்கள் சாப்பிடுவதே தலைக்கு வருடம் 7 கிலோ சொச்சம்தான், அமெரிக்கர்கள் 100 கிலோவுக்கு மேல் தின்கிறார்கள், அவர்கள் குறைக்கட்டுமே" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் சராசரி என்பது மாதம் ஒரு முறை கறி எடுக்கிற வீட்டையும், ஸ்விக்கியில் வாரம் மூன்று பிரியாணி வரவழைக்கிற வீட்டையும் சேர்த்துக் கூட்டி வகுத்தது. வாரம் மூன்று வேளை, வேளைக்கு 200 கிராம் கோழி என்றாலே வருடத்துக்கு 31 கிலோ ஆகிவிடும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வீட்டுக்கு. முதல் வீட்டுக்காரர் குறைக்க ஒன்றுமில்லை, அவருக்குப் பருப்பும் முட்டையும் இன்னும் கூடுதலாகவே தேவைப்படலாம்.

படி 1: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

எதையும் மாற்றாமல், வீட்டில் வாங்கிய கறி எத்தனை கிலோ, வெளியில் சாப்பிட்டது எத்தனை வேளை என்று மொபைலில் குறித்து வையுங்கள். "நாங்கள் ஞாயிறு மட்டும்தான்" என்கிற வீடுகளில் எழுதிப் பார்த்தால் புதன் கிழமை சிக்கன் ரோல், வெள்ளி ராத்திரி ஆபீஸ் பார்ட்டி, சனிக்கிழமை சாயந்திரம் பிள்ளைக்கு வாங்கின நக்கெட்ஸ் எல்லாம் வரும். குறைக்க வேண்டியது பெரும்பாலும் அந்தக் கணக்கில் வராத கறியைத்தான். யாரும் ரசித்துச் சாப்பிட்டதும் இல்லை அது.

படி 2: எதை முதலில் குறைப்பது

எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைக்க வேண்டியதில்லை. என் வரிசை இது. சாசேஜ், சலாமி, உறைந்த நக்கெட்ஸ் வகைகளை முதலில் நிறுத்துங்கள், இவை நம் ஊர்ச் சாப்பாடே இல்லை, விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்தது ஆட்டுக்கறி, மாட்டுக்கறி. இவற்றை மாதம் ஒன்றிரண்டு முறைக்குக் கொண்டுவந்தால் பூமிக் கணக்கில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும். மூன்றாவதாகக் கோழியின் அளவு. மீன், முட்டையை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

மீன் என்றால் எது என்பதும் முக்கியம். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி மாதிரி கூட்டமாக மேய்கிற சிறு மீன்கள் விலையும் குறைவு, ஒமேகா 3 கொழுப்பும் அதிகம். மேலே சொன்ன 2018 ஆய்வில் வளர்ப்பு இறாலின் வாயுக் கணக்கு கிலோவுக்கு 27 கிலோ வரை போகிறது, கோழியைவிட இரண்டரை மடங்குக்கு மேல். கறியைக் குறைத்துவிட்டேன் என்று வாரா வாரம் இறால் தொக்கு செய்தால் கணக்கு உதைக்கும். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது மீன் விலை எகிறும், அந்த இரண்டு மாதத்துக்கு முட்டையும் பயறும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

பன்னீருக்கும் ஒரு வார்த்தை. கறிக்குப் பதில் பன்னீர் பட்டர் மசாலா என்பது நகரத்தில் பரவிவிட்ட பழக்கம். அதே ஆய்வில் பாலாடைக்கட்டியின் எண் கிலோவுக்கு 24, கோழியைவிட அதிகம். பன்னீரும் அந்த வகைதான், ஒரு கிலோவுக்கு நிறைய பால் போகிறது, அந்தப் பால் மீத்தேன் விடும் மாட்டிடமிருந்துதான் வருகிறது. ஆசைக்குச் சாப்பிடுங்கள், கோழிக்குப் பதிலாக என்று நினைத்துச் சாப்பிடாதீர்கள்.

பிராய்லர் கோழியை ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று பயந்து குறைப்பவர்களும் இருக்கிறார்கள். அது வேகமாக வளர்வது தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம் என்பதாலும் மக்காச்சோளம், சோயா கலந்த அடர்தீவனத்தாலும்தான். பல்லடம் பக்கத்துப் பண்ணைகளில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கு ஒவ்வொன்றாக ஊசி போட ஆளுக்கு எங்கே போவது? கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் விஷயத்தில். மனிதர்களுக்குக் கடைசி நேர மருந்தாகப் பயன்படும் கொலிஸ்டினைக் கால்நடை, கோழி வளர்ப்பில் பயன்படுத்த மத்திய அரசு 2019இல் தடை விதித்ததே பிரச்சினை இருந்தது என்பதற்கு அத்தாட்சி.

படி 3: காலி இடத்தில் என்ன வைப்பது

இதுதான் மொத்த விஷயத்தின் முதுகெலும்பு, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 50 கிராம். 100 கிராம் கோழிக்கறி (எலும்பில்லாமல், பச்சையாக) 20 கிராம் புரதம் தந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் அந்த 20 எங்கிருந்து வரும்? "சாம்பார்தான் இருக்கே" என்பார்கள். வீட்டுச் சாம்பாரில் ஒரு ஆளுக்கு விழுவது பத்துப் பதினைந்து கிராம் துவரம்பருப்பு, அதில் புரதம் 3 கிராம் வந்தால் அதிகம். ரசத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கைவசம் வைத்துக்கொள்ள சில எண்கள். காய்ந்த நிலையில் 100 கிராமுக்குத் துவரம்பருப்பு, கொள்ளு, காராமணி 22 கிராம் அளவில், பாசிப்பயறு 24, கொண்டைக்கடலை 20ஐ ஒட்டி, வேர்க்கடலை 25, சோயா உருண்டை 52. முட்டை ஒன்றுக்கு 6. தயிர் ஒரு சின்ன கிண்ணத்துக்கு 3 அல்லது 4. காளான், பலாக்காய், சேனைக்கிழங்கு மூன்றும் கறி மாதிரி சமைக்க அருமையானவை, ஆனால் புரதம் 100 கிராமுக்கு ஒன்றரையிலிருந்து மூன்றுக்குள்தான். அவற்றை நாக்குக்காகச் செய்யுங்கள், கூடவே சுண்டலோ முட்டையோ இருக்கட்டும்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். 100 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் 20 கிராம் புரதம் இருக்கிறது, சரி, ஆனால் அதோடு 60 கிராம் மாவுச்சத்தும் வருகிறது. வழக்கமான அளவு சோறும் சாப்பிட்டு, மேலே சுண்டலும் சாப்பிட்டால் எடை கூடத்தான் செய்யும். எனவே விதி இதுதான்: பயறு ஒரு கிண்ணம் தட்டில் ஏறினால், சோறு ஒரு கரண்டி இறங்க வேண்டும். ஐசிஎம்ஆர் நடத்திய நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின்படி, இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். கறியைக் குறைத்த கையோடு சோற்றைக் கூட்டினால் ஒரு பள்ளத்திலிருந்து ஏறி இன்னொன்றில் விழுவதுதான்.

நடைமுறையில் ஒரு நாள் இப்படி இருக்கலாம். காலையில் இட்லிக்குப் பதில் அடை அல்லது பாசிப்பயறு தோசை, கூட வேர்க்கடலைச் சட்னி. மதியம் சோறு குறைவாக, கெட்டிப் பருப்போ பருப்பு உசிலியோ பருப்பு உருண்டைக் குழம்போ, ஒரு காய், தயிர். சாயந்திரம் பஜ்ஜி இருந்த இடத்தில் சுண்டல். ராத்திரி ஒரு முட்டை. இதைக் கூட்டினால் 50 கிராம் தாராளமாக வந்துவிடும். லைசினும் மெத்தியோனினும் புரதத்தின் கூறுகள்; அரிசியில் குறைவாக இருக்கிற லைசின் பருப்பில் நிறைய, பருப்பில் குறைவாக இருக்கிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது, ஒரே நாளில் இரண்டும் உள்ளே போனால் போதும், ஒரே வேளையில் சேர வேண்டிய கட்டாயமில்லை.

சோயாவைப் பற்றி ஆண்கள் மத்தியில் ஒரு பயம் இருக்கிறது, பெண்மைத்தன்மை வந்துவிடும் என்று. சாதாரண அளவில் சோயா சாப்பிட்ட ஆண்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் சில மணி நேர இடைவெளி விடுங்கள்.

படி 4: நாள்காட்டியைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்

வாரத்தில் சில நாள் கறி இல்லை என்பதை மேலை நாட்டார் "மீட்லெஸ் மண்டே" என்று இயக்கமாக நடத்துகிறார்கள். நமக்கு அது புதிதா? செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை என்று பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. புரட்டாசி மாதம், அதாவது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை, கோழி விலையே இறங்குகிற அளவுக்கு ஊரே குறைக்கிறது. கார்த்திகையில் மாலை போட்டவர் இருந்தால் வீட்டில் அடுப்பே சைவம். கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலம் நாற்பது நாள். பக்தி உண்டோ இல்லையோ, வீட்டில் ஏற்கெனவே பழகிய நாளோடு சேர்த்தால் சண்டை குறையும், புதிதாக ஒரு திங்கள்கிழமையைக் கொண்டுவந்து நுழைத்தால் "இது என்ன புதுசா" என்று ஆரம்பிப்பார்கள். முஸ்லிம் வீடுகளில் இப்படிக் கறியில்லா மாதம் கிடையாது, ஆனால் நோன்புக் கஞ்சியைக் கீமா போடாமல் பாசிப்பருப்பும் காயும் கூட்டிப் போட்டுக் காய்ச்சுகிற வழக்கம் இருக்கிறதே, அங்கிருந்து தொடங்கலாம்.

புரட்டாசியில் ஒரு ஓட்டை. மாதம் முடிந்த முதல் ஞாயிறு கறிக்கடை வரிசையைப் பார்த்திருப்பீர்கள். முப்பது நாள் விட்டதை மூன்று நாளில் பிடித்துவிடுகிறார்கள். அந்த மாதத்தில் கற்றுக்கொண்ட நான்கைந்து குழம்புகளை ஐப்பசியிலும் வாரம் இரண்டு நாள் வைத்தால்தான் பலன்.

இலக்கு வேண்டுமென்றால், உணவையும் பூமியையும் சேர்த்து ஆராய்ந்த சர்வதேச விஞ்ஞானிகள் குழுவான ஈட்-லான்செட் ஆணையம் 2019இல் சொன்ன அளவு வாரத்துக்குச் சுமார் 100 கிராம் சிவப்பு இறைச்சி, 200 கிராம் கோழி. ஒரேயடியாக அங்கே குதிக்காதீர்கள். இப்போது வாங்குவதில் பாதி என்று தொடங்கி, அது பழகிய பிறகு யோசிக்கலாம்.

படி 5: பாதிக் கறிக் குழம்பு

ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றும் வித்தை இதுதான். குழம்பின் ருசி பெரும்பாலும் எலும்புச் சாறிலும் மசாலாவிலும் இருக்கிறது, துண்டுகளின் எண்ணிக்கையில் இல்லை. கல்யாணப் பிரியாணியோடு வரும் தாளிச்சாவை நினைத்துப் பாருங்கள், நாலு எலும்பு, நிறைய பருப்பு, கத்திரிக்காய், மாங்காய், ஆனால் அதைக் கறிக்குழம்பு இல்லை என்று யாராவது ஒதுக்குகிறார்களா?

நான்கு பேருக்கு முக்கால் கிலோ ஆட்டுக்கறி எடுக்கிற வீடு கால் கிலோ எடுக்கட்டும். கடையில் எலும்போடு, சின்னச் சின்னத் துண்டாகப் போடச் சொல்லுங்கள், அப்போதுதான் எல்லாத் தட்டிலும் கறி விழும். முந்தைய இரவே 150 கிராம் காய்ந்த மொச்சையை ஊற வைத்துவிடுங்கள் (தை மாதம் பச்சை மொச்சை கிடைக்கும்போது இந்த வேலையும் மிச்சம்). கறியை மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுதோடு தண்ணீர் கொஞ்சம் தாராளமாக ஊற்றிக் குக்கரில் ஐந்தாறு விசில் விடுங்கள். மொச்சையைத் தனியாக மூன்று விசில், குழையக் கூடாது.

நல்லெண்ணெயில் சோம்பு, பட்டை, கிராம்பு, கல்பாசி தாளித்து, உரித்த சின்ன வெங்காயம் இருபது போட்டு நிறம் மாறும் வரை வதக்குங்கள். இங்கே அவசரப்பட்டால் குழம்பு போச்சு. தக்காளி இரண்டு, அது மசிந்ததும் மிளகாய்த்தூள், மல்லித்தூள், கொஞ்சம் மிளகுத்தூள். பச்சை வாசனை போனதும் கறி வெந்த சாறு முழுவதையும் ஊற்றி, மொச்சையையும் நாலாக வகுந்த கத்திரிக்காயையும் முருங்கைக்காயையும் போட்டுப் பத்து நிமிடமாவது கொதிக்க விடுங்கள், மொச்சை கறிச்சாறை இழுத்துக்கொள்வது அந்தப் பத்து நிமிடத்தில்தான். கடைசியில் கறித்துண்டுகளும் தேங்காய், கசகசா அரைத்த விழுதும். சாப்பிடுகிறவர் தட்டில் கறியைத் தேடுவார், மொச்சை அகப்படும், அதிலும் கறி ருசி இருக்கும்.

கோழிக்கு இதே முறையில் கொண்டைக்கடலையோ உருளையோ கூட்டலாம், நான் கொண்டைக்கடலை பக்கம். கீமாவில் பாதிக்குப் பாதி உதிர்த்த சோயா கலந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஆட்டுக்கறி ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கிற இந்தக் காலத்தில் மிச்சமாகிற அரை கிலோ பணத்தில் ஒரு மாதப் பருப்பு வந்துவிடும்.

படி 6: கறியே இல்லாத நாளில் கறி வாசனை

சைவ நாள் என்றதும் உப்பில்லாத கூட்டும் தண்ணி ரசமும் வைத்தால் யார்தான் தாங்குவார்கள். சுக்கா மசாலா, சால்னா மசாலா எல்லாம் கறிக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை.

சோயா உருண்டை பலருக்குப் பிடிக்காமல் போவது கழுவாமல் சமைப்பதால்தான். உப்புப் போட்ட தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, ஒட்டப் பிழியுங்கள். மறுபடியும் அலசி, மறுபடியும் பிழியுங்கள். அந்த ஒரு மாதிரி வாடை இதில் போய்விடும். அப்புறம் தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, உப்பில் அரை மணி நேரம் ஊறட்டும். இரும்புச் சட்டியில் சோம்பு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் வதக்கிப் போட்டு, தணலைக் குறைத்து ஈரம் போகும் வரை சுருள விட்டு, இறக்கும்போது இடித்த மிளகு தூவுங்கள். சின்ன உருண்டையாக வாங்குங்கள், பெரியது உள்ளே சப்பென்று இருக்கும்.

சேனைக்கிழங்கை மீன் துண்டு கனத்துக்கு வெட்டி, புளித் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்தால் நாக்கு அரிக்காது. பிறகு மீன் மசாலா தடவி தோசைக்கல்லில் போட்டு எடுக்க வேண்டியதுதான். வடைகறி, முட்டைக் குழம்பு, காளான் மிளகு வறுவல், பிஞ்சுப் பலாக்காய் பிரியாணி, இவை எல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 7: வயிறு உப்புசம்

பயறைத் திடீரென்று கூட்டினால் முதல் சில வாரங்களுக்கு வாயுத் தொல்லை நிச்சயம். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைக்கவும். பெருங்காயம், இஞ்சி, பூண்டு தாராளமாக. பாசிப்பருப்பிலிருந்து தொடங்கி, பிறகு காராமணி, கடைசியாகத்தான் கொண்டைக்கடலை, ராஜ்மா. குடல் பழகிக்கொள்ளும்.

படி 8: பி12, இரும்பு

கறி நாளைக் குறைத்து முட்டை, பால், தயிர், மீன் சாப்பிடுகிறவருக்குப் பெரிய பயம் வேண்டாம். ஆனால் வைட்டமின் பி12 செடி கொடியில் கிடையாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். பழைய சோற்றில் நிறைய இருக்கிறது என்பதையெல்லாம் நம்பி இருக்க முடியாது. கை கால் மரத்துப்போவது, ஊசி குத்துவது, காரணமில்லாத அசதி, இவை அதன் குறைபாட்டு அறிகுறிகள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே பி12ஐக் குறைக்கும், அதனால் நம் ஊரில் நாற்பது தாண்டியவர்கள் கறியைக் குறைக்கும் முன் ஒரு முறை ரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது.

இரும்பு இன்னும் முக்கியம், குறிப்பாகப் பெண்களுக்கு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) சொல்கிறது. கறியில் இருக்கும் இரும்பு உடம்பில் எளிதாக ஏறும், பருப்பிலும் கீரையிலும் இருப்பது அவ்வளவு எளிதில் ஏறாது. சுண்டலில் எலுமிச்சை பிழிவது, கீரையோடு நெல்லிக்காய்த் துவையல் வைத்துக்கொள்வது போன்றவை வைட்டமின் சி தந்து அதை ஏற்றிவிடும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அது தடுக்கும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். இன்னொரு யோசனை, வாங்குகிற கொஞ்சக் கறியில் எப்போதாவது ஈரலும் சேரட்டும். சின்னத் துண்டிலேயே பி12உம் இரும்பும் ஏராளம். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்க்க வேண்டும், அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவில் குறைக்காதீர்கள். வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், மெலிந்துபோன வயதானவர்கள், இவர்களுடைய முட்டையிலும் மீனிலும் கை வைக்கக் கூடாது. கவனியுங்கள், பல வீடுகளில் கறி கம்மியாக எடுத்தால் குறைவது அப்பா தட்டில் இல்லை, கடைசியாகச் சாப்பிட உட்காரும் அம்மா தட்டில்தான், அதுவும் ரத்தசோகை இருக்கிற அம்மா தட்டில். குழம்பைக் குறைப்பதற்கு முன் பரிமாறும் முறையை மாற்றுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பைக் கூட்டுவதற்கும் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

படி 9: வீட்டிலும் வெளியிலும்

வீட்டில் அறிவிப்பு எதுவும் செய்யாதீர்கள். "இனிமேல் நாம் பூமிக்காக" என்று ஆரம்பித்தால் அன்றைக்கே மாமனார் இரண்டு கிலோ கறியோடு வந்து நிற்பார். பேசாமல் அளவைக் குறையுங்கள், மொச்சையைக் கூட்டுங்கள், கேட்டால் விலை ஏறிவிட்டது என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. விருந்தாளி வந்தால் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம், வந்தவர்களுக்குக் கறி போடாமல் அனுப்பிய கதை பத்து வருடம் பேசப்படும்.

ஹோட்டலில் ஒரு முழு பிரியாணியை இருவர் பகிர்ந்து, கூட இரண்டு அவித்த முட்டை வாங்கினால் வயிறும் நிறையும், கறியும் பாதி. கறி வேண்டாமென்று பரோட்டாவும் குருமாவும் சாப்பிடுவதில் உடம்புக்கு ஒரு லாபமும் இல்லை, மைதாவும் எண்ணெயும்தான். அதற்கு ஒரு ஆம்லெட்டும் இரண்டு தோசையும் எவ்வளவோ மேல். பார்ட்டியில் சிக்கன் 65ஐ ஸ்டார்ட்டர் என்று வைத்துவிட்டு, மெயின் என்று மறுபடி கறி வைப்பார்கள், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், எனக்கென்றால் மெயின்தான்.

படி 10: மூன்று மாதம் கழித்து

மறுபடி இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். எடை, இடுப்புச் சுற்றளவு, முடிந்தால் ஹீமோகுளோபின், எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கொழுப்பு அளவுகள், பி12. சர்க்கரையோ எடையோ கூடியிருந்தால் கறியின் இடத்தைச் சோறு பிடித்துக்கொண்டது என்று அர்த்தம், படி 3க்குத் திரும்புங்கள். ஹீமோகுளோபின் இறங்கியிருந்தால் மீன், முட்டை, ஈரலைக் கொஞ்சம் கூட்டிவிட்டு டாக்டரையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்து கறியும் பாதியாகியிருந்தால் இன்னும் குறைப்பதா, இதிலேயே நிற்பதா என்பது உங்கள் விருப்பம், பாதியில் நின்றாலும் தப்பில்லை. தீபாவளி அன்றைக்கு மட்டும் எதையும் எழுத வேண்டாம்.